மலை வலப்பக்கம் இருக்கட்டும்

என் மகள் கெட்டிக்காரி. சிங்கப்பூரில் வேலை, வீடு, மாமியார் மூன்றையும் ஒரே ஆளாகச் சமாளிக்கிறாள். காலண்டர் பார்க்க மட்டும் தெரியாது.

"ம்மா, உங்க ரெண்டு பேருக்கும் கப்பல்ல மூணு நாள் புக் பண்ணிட்டேன். இங்க வந்து எறங்குங்க, நான் ஏத்தி விடறேன். கேன்சல் எல்லாம் பண்ண முடியாது" என்று போனில் சொன்னாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாள்களைப் புரட்டினேன். கப்பலின் இரண்டாம் நாளில், ஏதோ ஒரு சின்னத் தீவில் இறக்கிவிடுவதாக அவள் சொன்ன அதே நாளில், பௌர்ணமி. காலையிலேயே தொடங்கி மறுநாள் காலை வரைக்கும்.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "அடடா, இந்த மாசம் நடை கெடையாதா?" என்றார். அந்த 'அடடா'வில் வருத்தம் ஒரு சிட்டிகை கூட இல்லை. பள்ளிக்கு மழை விடுமுறை விட்டால் பையன்கள் சொல்கிற 'அடடா' அது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு அந்த ராகம் தெரியாதா?

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் இருப்பது திருவண்ணாமலையில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி நடப்பேன். என் வீட்டுக்காரர் கொஞ்ச தூரம் துணைக்கு வந்துவிட்டு, வழியில் ஒரு டீக்கடையோடு நின்றுவிடுவார். பதினாலு கிலோமீட்டர். மலை எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும். செருப்பு கூடாது. சாலையின் இடது ஓரமாகவே நடக்க வேண்டும், மலையை ஒட்டின பக்கம் சித்தர்கள் நடக்கிற இடம், அவர்களைப் போய் இடிக்கக் கூடாது. வழியில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம், இந்திர லிங்கத்தில் தொடங்கி வரிசையாகக் கும்பிட வேண்டும். பாதியில் திரும்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வண்டியில் போகக் கூடாது. ஆட்டோவில் ஏறி முக்கால் மணி நேரத்தில் சுற்றிவிட்டு வந்து 'கிரிவலம் போனோம்' என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. 'பெட்ரோல் போட்ட புண்ணியம்' என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு.

என் வீட்டுக்காரருக்கு வேறொரு கிறுக்கு. அவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நோட்டில் எழுதி, விசில் ஊதி அனுப்புகிற வேலை. கல்யாணமான புதிதில் ஒரு நாள், நான் வேலைக்குப் போகக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிக்க டிபன் பையோடு ஓடி வருகிறேன். கண்டக்டர் பார்த்துவிட்டார். டிரைவரும் பார்த்துவிட்டார். இவரும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. சாயங்காலம் கேட்டதற்கு, "நீ ஒரு நிமிஷம் லேட்டு" என்றார். மூன்று நாள் அவருடைய சாம்பாரில் மட்டும் உப்பு போடவில்லை. அதையும் வாய் திறக்காமல் சாப்பிட்டார். அந்த விசில் இன்றைக்கும் அவர் சாவிக் கொத்தில் தொங்குகிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், சொல்ல எனக்கு இஷ்டமில்லை என்றாலும். மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்தச் சமயத்தில் பௌர்ணமி வந்தது. அதுவரை பல வருடமாக ஒரு மாதம்கூட விட்டதில்லை, ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருந்தேன். ஜுரத்தில், "விட்டுப் போச்சே, விட்டுப் போச்சே" என்று புலம்பினேனாம். மறுநாள் காலையில் இவர் விபூதிப் பொட்டலத்தோடு கட்டில் பக்கத்தில் நின்றார்.

"உன் பேர்ல சுத்திட்டு வந்துட்டேன். விட்டுப் போவல."

இவருக்கு அப்போதுதான் முட்டியில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். வாசல் வரை நடப்பதே பெரிய காரியம். "எப்படிப் போனீங்க?" என்றேன்.

"ஆட்டோல. ஆனா எட்டு லிங்கத்துலயும் எறங்கிக் கும்பிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். கையில் ஊசி, மூஞ்சியில் சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் அதோடு விட்டேனா? அவருடைய அண்ணன் பிள்ளைகள் எல்லாம் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 'உங்க சித்தப்பா ஆட்டோவில் கிரிவலம் போயிருக்கிறார். புண்ணியம் முழுக்க டிரைவருக்கு' என்று போட்டேன். சிரிப்பு பொம்மைகள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. அவர் ஒன்றும் போடவில்லை. அடுத்த பௌர்ணமியை 'ஒன்று' என்று நான் புதிதாக எண்ணத் தொடங்கினேன். அவர் முகம் சின்னதாகிப் போனதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தும் இறங்கி வரவில்லை, அவ்வளவுதான்.

கப்பல் நன்றாகத்தான் இருந்தது. நம்ம பஸ் ஸ்டாண்டை அப்படியே தூக்கிக் கடலில் விட்டு, குளிர்சாதனம் போட்டுக் கம்பளம் விரித்த மாதிரி கூட்டம். முதல் நாள் எல்லோரையும் நிற்க வைத்து, கப்பல் முழுகினால் என்ன செய்வது என்று பாடம் எடுத்தார்கள். உயிர்காக்கும் சட்டையில் ஒரு விசில் தொங்கியது. என் வீட்டுக்காரர் அதை ஊதிப் பார்த்துவிட்டு, "சத்தம் கம்மி. இதைக் கேட்டு எவன் வருவான்?" என்று பக்கத்தில் இருந்த சீனத்துக் கிழவரிடம் தமிழில் புகார் செய்தார். அவரும் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் எங்கள் அறைக்கு ஒரு தாள் வந்தது. மறுநாள் இறங்கப் போகும் தீவின் படம். என் வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர். ஆனால் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீவின் நட்ட நடுவில் ஒரு மலை. மலையைச் சுற்றிக் கடலோரமாக ஒரு கோடு. கோட்டின் பக்கத்தில் நடக்கிற மனிதன் பொம்மை, ஏழு கிலோமீட்டர் என்ற குறிப்பு. கிழக்கே படகுத் துறை. நம்ம ஊர்க் கோயில் இருக்கிற அதே திசை! அம்மாடி என்று தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அதை அவர் பார்க்கவே கூடாது. மேற்குப் பக்கத்தில் அந்தக் கோடு கொஞ்ச தூரம் புள்ளி புள்ளியாகப் போவது என் கண்ணில் பட்டது. அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

மறுநாள் சின்னப் படகுகளில் ஏற்றித் தீவில் இறக்கினார்கள். படகுத் துறையில் வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருவன் நாலு விரலைக் காட்டி, கடைசிப் படகு நாலு மணிக்கு என்று சொன்னான். பாஸ்போர்ட் எல்லாம் கப்பலில். விட்டால் கப்பல் போய்விடும், நாங்கள் தீவோடு நின்றுவிடுவோம். என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தை அவன் கடிகாரத்தோடு வைத்துச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு தென்னை மரத்தடியில் ஒரு சாய்வு நாற்காலியைப் பிடித்து, இளநீரோடு உட்கார்ந்தார். நடை இல்லாத பௌர்ணமி, முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மீன் சோறு சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அந்தத் தெளிவை அனுபவிக்கட்டும் என்று விட்டேன். நான் வெறும் பழம்.

"என்னாங்க, அந்த வளைவு வரைக்கும் போயிட்டு வரலாமா? சாப்ட்டது செரிக்கும்."

"நீ என்னா சாப்ட்ட செரிக்க?" என்றார். ஆனாலும் எழுந்தார்.

அவர் தொப்பியைத் தேடுகிற நேரத்தில் என் செருப்பைக் கழற்றிக் கட்டைப்பையில் போட்டேன். மேலே துண்டு. புடவையை ஒரு விரல்கடை இறக்கிக் கட்டிக்கொண்டேன். மணி ஒன்றேகால். துறையைப் பார்த்து, 'இந்திர லிங்கம்' என்று மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, மலையை வலப்பக்கம் வைத்து நடக்க ஆரம்பித்தேன்.

வளைவு வந்தது. "அங்க என்னமோ கடை தெரியுதே" என்றேன். கடை வந்தது. ஒருவர் கரி அடுப்பில் கோழி சுட்டுக்கொண்டிருந்தார். நெருப்பு இருந்ததால் அதை அக்னி லிங்கமாக ஏற்றுக்கொண்டேன். "அடுத்தாப்ல பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு, பாத்துட்டுத் திரும்பிடலாம்." அது பள்ளிக்கூடம் இல்லை, சின்ன ஆஸ்பத்திரி. தெற்கே எம லிங்கம் வர வேண்டிய இடம், அமைப்பு பொருத்தமாகவே இருந்தது. அங்கேயும் ஒரு கும்பிடு. நான் ஏன் ஆஸ்பத்திரியைக் கும்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மருத்துவர்கள் தெய்வம் என்று சொல்லியிருப்பேன்.

தென்மேற்கு மூலையில் மாட்டிக்கொண்டேன். சிமெண்ட் சாலை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. நான் என்னை அறியாமல் ஓரத்துப் புல்லுக்கும் சாலைக்குமாகத் தாவினேன்.

"ஏன் குதிக்கிற?" என்றவர் கீழே பார்த்தார். "செருப்பு எங்க?"

"பையில."

அவர் மலையைப் பார்த்தார். நாங்கள் வந்த வழியைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்த மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி. கிரிவலமா போயிட்டு இருக்கோம்?"

"மலைன்னா மலைதாங்க. எந்த மலையா இருந்தாலும் அவரு இருப்பாரு" என்றேன். ராத்திரியே தயார் செய்து வைத்திருந்த பதில்.

"ஓஹோ. மலையையே மாத்திக்கலாம். ஊரை மாத்திக்கலாம். நாட்டையே மாத்திக்கலாம். ஆட்டோ மட்டும் ஆவாது?"

புல்லில் நின்று பாதத்தைத் தேய்த்துக்கொண்டேன். நல்லவேளை, அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். "மணி ரெண்டரை. திரும்பினாலும் அதே நேரம், சுத்தினாலும் ஏறக்குறைய அதே நேரம். சுத்தினா மூணே முக்காலுக்குத் துறை. கால் மணி நேரம் மிச்சம். சரி, நட. எங்கயும் நிக்கக் கூடாது." அடுத்த அரைமணி அவர் முன்னால் போனார், நான் பின்னால் ஓடினேன். நிருதி லிங்கத்துக்கு நடந்தபடியே கும்பிடு.

மேற்கே போனதும் சாலை ஒரு சின்ன மணல்வெளியில் இறங்கியது. இறங்கி, அங்கேயே முடிந்துவிட்டது.

அதற்கு மேல் சாலை இருந்திருக்கிறது. ஏதோ ஒரு மழையில் மலைச் சரிவு அதைத் தூக்கிக் கடலில் போட்டிருக்கிறது. எதிரே வெறும் பாறை, பாறையில் மோதும் அலை. நடக்கிற மனிதன் பொம்மையின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஒரு பலகை. படத்தில் இருந்த புள்ளிகளின் அர்த்தம் இப்போது தெரிந்தது. நம்ம ஊரில் மேற்கே இருப்பது வருண லிங்கம், தண்ணீருக்கு அதிபதி. வருணன் தன் இடத்தில் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தார், வழியை அடைத்துக்கொண்டு.

"மணி மூணு" என்றார் என் வீட்டுக்காரர். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "திரும்பி நடந்தா நாலே முக்கால். படகு போயிடும்."

படகு போய்விடும் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. பாதியில் நின்றுபோனது மட்டும்தான் உறைத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. அறுபது வயதில், வெளிநாட்டுக் கடற்கரையில், வெறுங்காலோடு ஒருத்தி தேம்பி அழுதால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தேன். "மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணணும்" என்று வேறு சொன்னேன். என் பிடிவாதத்தால் இந்த மனுஷனையும் தீவில் மாட்டிவிட்டேனே என்பதற்கு அப்புறம்தான் வெட்கப்பட்டேன். வரிசை தப்புதான், ஆனால் நடந்தது அப்படி.

மணலில் ஒரு விசைப்படகு கிடந்தது. உள்ளே ஒருவர் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவரை எழுப்பி, பாஷை இல்லாமல் பேசினார். கையால் பெரிய கப்பல் வரைந்தார், நாலு விரல் காட்டினார், எங்கள் இருவரையும் காட்டினார், பிறகு கழுத்தை அறுத்துக்கொள்கிற மாதிரி காட்டினார். படகுக்காரர் சிரித்துவிட்டு ஏறச் சொன்னார். அவர் எங்கேயோ போய் எண்ணெய்க் கேன் தூக்கி வந்து ஊற்றி, படகைத் தண்ணீருக்குத் தள்ளுவதற்குள் மணி மூன்றே முக்கால்.

ஏறினோம். படகுக்காரர் இடது பக்கம் காட்டி, உள்ளங்கையைச் சமமாக வைத்தார். நாங்கள் வந்த தெற்குப் பக்கம், கடல் அமைதி. வலது பக்கம் காட்டி, கையைப் பாம்பு மாதிரி மேலும் கீழும் நெளித்து, தலையை ஆட்டினார். அங்கே அலை ஜாஸ்தி. விசையை இழுத்து முடுக்கி, படகை இடது பக்கம் திருப்பினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. இடது பக்கம் போனால் மலை இடப்பக்கம் வரும், வந்த வழியே திரும்புகிற கணக்கு. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது? கட்டைப்பையை மடியில் வைத்து, துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எழுந்து நின்று, ரிவர்ஸ் எடுக்கிற பஸ்ஸுக்குக் காட்டுகிற மாதிரி கையை வீசி, "ரைட்ல விடு, ரைட்ல விடு" என்றார். படகுக்காரர் கையை நெளித்துக் காட்டினார். இவரும் கையை நெளித்துக் காட்டி, பரவாயில்லை என்று மார்பில் தட்டிக்கொண்டார்.

"எதுக்குங்க? நேரமாயிடுமே" என்றேன்.

"பாதியில திரும்பக் கூடாதுன்னு நீதான சொல்லுவ" என்றார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். அவர் கையில் கடிகாரம் இல்லாமல் பகலில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மலை வலப்பக்கம் வந்தது. அலையும் வந்தது. படகு எகிறி எகிறி விழுந்தது, ஒவ்வொரு விழலுக்கும் ஒரு வாளித் தண்ணீர் முகத்தில். நான் ஒரு கையால் பலகையையும் ஒரு கையால் அவர் பெல்ட்டையும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தேன். லிங்கமாவது ஒன்றாவது, எல்லாம் மறந்து போய்விட்டது.

பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "வாயு லிங்கம். கும்பிடு." கொஞ்ச நேரம் கழித்து, "குபேர லிங்கம்." அப்புறம், "ஈசானியம். கடைசி. நல்லா கும்பிட்டுக்க."

கண்ணைத் திறந்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்து மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என்னோடு ஒரு தடவைகூட முழுசாகச் சுற்றாத மனுஷன். இந்த வரிசை இவருக்கு எப்படித் தெரியும்?

தெரியாமல் என்ன? எட்டு இடத்திலும் இறங்கியவர் ஆயிற்றே. அந்தப் படகில்தான் எனக்கு அந்த ஆட்டோ கண்ணுக்குத் தெரிந்தது. சரியாக மடங்காத முட்டியை மடக்கி இறங்கி, கும்பிட்டு, மறுபடி மடக்கி ஏறி. ஒரு தடவை இல்லை, எட்டுத் தடவை. நல்ல கால் இருக்கிறவர்கள் பதினாலு கிலோமீட்டர் நடந்துவிடலாம். அந்தக் காலுக்கு ஏறி இறங்குவதே அதைவிடக் கஷ்டம். அதைச் செய்துவிட்டு விபூதியோடு வந்து நின்ற ஆளைப் பார்த்து நான் சிரித்தேன். ஊரையே கூட்டிச் சிரிக்க வைத்தேன்.

கிழக்கே துறை தெரிந்தபோது கடைசிப் படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டைப் பையன் அதில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நாங்கள் கத்தினது இரண்டு இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சாவிக் கொத்தை எடுத்து விசில் ஊதினார். காது அடைத்துப் போனது. தீவில் இருந்த நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன. அந்தப் பையன் திடுக்கிட்டுத் திரும்பி, கையை உயர்த்தினான். படகு நின்றது.

படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கைகூப்பி, ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு மாறினோம். நனைந்த இரண்டு பேரை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பையன் கடிகாரத்தைக் காட்டி, ஆறு விரல் நீட்டினான். ஆறு நிமிஷம் லேட்டு. முப்பது வருடம் யாருக்காகவும் ஒரு பஸ்ஸை நிறுத்தாத மனுஷன் அவனிடம் தலையைக் குனிந்து, "சாரி, சார்" என்றார்.

"ஒரு நிமிஷத்துக்கு என்னை விட்டுட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இந்தப் பையன் சரியான டைம் கீப்பர் இல்ல" என்றார். பிறகு புடவையைப் பிழிந்துகொண்டிருந்த என் பக்கம் சாய்ந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "டீச்சரம்மா, ஒரு சந்தேகம். பாதி நடை, பாதி படகு. இது கணக்குல வருமா?"

அவருக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை, கேட்ட சந்தோஷமே போதும் என்று சிரித்தார். மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. துண்டுக்கு உள்ளே, செருப்புக்கு அடியில் பத்திரமாக இருந்த போனை எடுத்தேன். துறையின் சிக்னல் இன்னும் விட்டுப் போகவில்லை. குடும்பக் குழுவைத் திறந்து, மூக்குக் கண்ணாடியில் உப்புத் தண்ணீர் வழிய, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.

'மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு ஜுரம் வந்தபோது உங்கள் சித்தப்பா ஆட்டோவில் போனது கிரிவலம்தான். முழு கிரிவலம். நான் சிரித்தது தப்பு. என் எண்ணிக்கை அன்றைக்கும் விட்டுப் போகவில்லை.'

அனுப்பினேன். அதே கட்டைப்பைக்குள் அவருடைய போன் முனகியது. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எடுத்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார், நாலு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, மணி பார்த்து, குழுவில் ஏதோ தட்டினார். என் போன் முனகியது.

'வந்து சேர்ந்தது. மூன்று வருடம் லேட்.'